நேர்த்திக்கடன்: பாலாவிக் கரையில் நின்று

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் அடகுக் கடையும் வட்டியும் நினைவுக்கு வருகின்றன. தமிழில் இன்னொரு கடனும் உண்டு. அதற்கு உறுதி இல்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை; கொடுத்தவர் திருப்பிக் கேட்டு வாசலுக்கு வருவதும் இல்லை. என்றாலும் அதைத் தீர்க்காமல் கண்மூடுவதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் அஞ்சினார்கள். அதுவே நேர்த்திக்கடன். அதன் வரலாற்றை இன்று மன்னார்க் கரையில் நின்று சற்று நோக்குவோம்.

1988ஆம் ஆண்டு. எனக்கு ஏழு எட்டு வயது. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பல நாள் படுத்திருந்தேன். ஆசுப்பத்திரி மருந்து ஒருபுறம் நடந்தது. மறுபுறம் என் அம்மம்மா இரண்டு நேர்த்தி வைத்தார். ஒன்று, மடுமாதாவுக்கு வெள்ளியில் இரண்டு கண். மற்றது, திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியன்று பாலாவியில் தீர்த்தம் அள்ளி, என் கையாலேயே ஏழு குடம் அபிடேகம். நாங்கள் சைவக் குடும்பம். மாதாவிடம் கேட்டதைக் கேதீச்சரநாதரோ, கேதீச்சரநாதரிடம் கேட்டதை மாதாவோ குறையாக எடுத்துக்கொள்வார்கள் என்று அம்மம்மா ஒருநாளும் நினைத்ததில்லை.

கண் சுகமாயிற்று. தட்டாரிடம் வாங்கிய வெள்ளிக் கண்கள் அவ்வாண்டு ஆடித் திருவிழாவில் மடுவில் சேர்ந்தன. பாலாவி நேர்த்தி மட்டும் அடுத்த சிவராத்திரி, அதற்கடுத்த சிவராத்திரி என்று தள்ளிப் போயிற்று. 1990இல் போர் மூண்டது. கோயிலுக்குப் போகும் வழி அடைபட்டது. பேசாலைக் கரையில் வள்ளம் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் அம்மம்மா இறந்தபோது காணி பற்றியோ வீடு பற்றியோ பேசவில்லை. "பிள்ளையின்ரை ஏழு குடம் நிக்குது" என்றுதான் சொன்னார். 2003ஆம் ஆண்டுச் சிவராத்திரியில், போர் ஓய்ந்திருந்த இடைவெளியில், அம்மாவும் நானும் போய் அந்த ஏழு குடத்தையும் ஊற்றினோம். பதினைந்து ஆண்டுக் கடன்.

பின்னாளில் நூல்களைப் படித்தபோதுதான் இந்தக் கடன் எங்கள் கரைக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்தது. நேர்தல் என்றால் உடன்படுதல், கொடுத்தல். சைவர் நேர்த்தி என்பார்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் நேர்ச்சை என்பார்கள். வேர் ஒன்றே. பழைய கிரேக்கர் தம் மொழியில் வேண்டுதலுக்கும் நேர்தலுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்: 'யூக்கே'. வேண்டியது கிடைத்ததும் கோயிலிற் கொண்டுபோய் வைக்கும் பொருளுக்கு 'அனதேமா' என்று பெயர். 'எடுத்து நிறுத்தப்பட்டது' என்பது அதன் பொருள். கொடுத்தது கண்ணுக்குத் தெரிய நிற்கவேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கி.மு. 399இல் நஞ்சருந்தி உயிர்விட்ட சோக்கிரட்டீசு கடைசியாக என்ன சொன்னார் என்பதை அவர் மாணவர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். மருத்துவத் தெய்வமான அஸ்கிளிப்பியசுக்கு ஒரு சேவல் கடனாக இருக்கிறது, மறவாமற் கொடுத்துவிடுங்கள் என்று நண்பர் கிரீட்டோவிடம் அவர் கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுதும் எதையும் கேள்வி கேட்டவர், சாகும் வேளையில் ஒரு சேவற்கடனை நினைத்தார். அந்தச் சேவல் எதற்காக என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மண்டபம் முகாமும் ஏழு குடமும் நினைவுக்கு வரும்.

அஸ்கிளிப்பியசின் கோயில்கள் நோயாளர் வந்து தங்கும் இடங்கள். அவர்கள் இரவில் அங்கே துயில்வார்கள். தெய்வம் கனவில் வந்து குணப்படுத்தும் என்பது நம்பிக்கை. குணமானவர் தம் உறுப்பின் உருவத்தைச் செய்து வைப்பார். கொரிந்து நகரில் இருந்த அக்கோயிலை அகழ்ந்தபோது கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுடுமண் கைகள், கால்கள், காதுகள், மார்பகங்கள் என்று குவியலாக வெளிவந்தன. கொடுத்த பொருள் தெய்வத்தின் உடைமை. இடம் போதாமற் போனாலும் அதை வெளியே வீச முடியாது. ஆகவே பழையனவற்றைக் கோயில் எல்லைக்குள்ளேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். வறியவர்களின் மண்ணுறுப்புகள் இன்று நம் பார்வைக்குக் கிடைப்பது அந்த வழக்கத்தினாலேதான்.

எப்பிடோரசுக் கோயிலில், குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதென்சிலிருந்து அம்புரோசியா என்ற பெண் வருகிறாள். அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. நொண்டியும் குருடரும் வெறுங் கனவு கண்டே சுகமாவதாவது என்று அங்குள்ள கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறாள். இரவு தெய்வம் கனவில் தோன்றி, உன் கண்ணைக் குணமாக்குகிறேன். ஆனால் உன் அறியாமைக்கு அடையாளமாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வைக்கவேண்டும் என்கிறது. விடிந்ததும் பார்வை திரும்புகிறது. வெள்ளிக் கண் கொடுக்கவேண்டியவள் வெள்ளிப் பன்றி கொடுக்கிறாள்! தெய்வத்துக்கும் நகைச்சுவை தெரியும் என்று அன்றைய மக்கள் நினைத்திருக்கிறார்கள்.

அதென்சு நகரக் கோயிற் பணியாளர்கள் இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள். யார் எதைக் கொடுத்தார், அதன் நிறை என்ன என்று பட்டியலிட்டுக் கல்லில் வெட்டினார்கள். அங்குள்ள அஸ்கிளிப்பியசு கோயிற் பட்டியல்களில் உடலுறுப்புகளுள் மிகுதியாக வருபவை கண்களே. அதே நகரில் 'மருத்துவ வீரன்' என்று அழைக்கப்பட்ட வேறொரு சிறு தெய்வத்தின் கோயில் பற்றிய தீர்மானம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. சேர்ந்திருந்த வெள்ளிப் பொருள்களை உருக்கித் தெய்வத்துக்கு ஒரு பாத்திரம் செய்ய முடிவாயிற்று. உருக்குமுன், ஒவ்வொரு பொருளையும் அதைக் கொடுத்தவர் பெயரையும் கல்லில் எழுதவேண்டும் என்றும் முடிவாயிற்று. வெள்ளி உருகிப் போயிற்று. அந்தப் பாத்திரமும் இன்று இல்லை. பெயர்கள் நிற்கின்றன.

இனி நம் கரைக்கு வருவோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரம், மாதோட்டம் என்ற பெருந்துறையின் கோயில். அத்துறையில் சோழர் காலத்தில் வேறு சிவன் கோயில்களும் எழுந்தன. சோழ மண்டலத்துச் சிறுகூற்றநல்லூர் கிழவன் தாழிகுமரன் என்பவன் மாதோட்டமான இராசராசபுரத்தில் இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுத்தான். அவன் கொடுத்த நிலம், வைகாசி விசாகத்தை ஒட்டிய ஏழு நாள் விழா, அதற்கான வருவாய் ஆகியவற்றைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திருவிராமேச்சரம் என்ற மற்றொரு மாதோட்டக் கோயிற் கல்வெட்டு, விளக்கெரிக்கக் காசு கொடுத்ததைச் சொல்கிறது. அக்காசு உள்ளூர் வணிகரிடம் முதலாக வைக்கப்பட்டது. வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் என்று கடைத்தெருப் பெயர்கள் அதில் வருகின்றன. முதல் அழியாமல் இருக்க, அதன் பலனில் விளக்கு எரிந்தது. வாழைக்காய் விற்றவன் பொறுப்பில் ஒரு தெய்வத்தின் வெளிச்சம் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். நமது வரலாற்று நூல்கள் அரசன் படையெடுத்ததை விரித்து எழுதுகின்றன. விளக்குக்கு நெய்யும் எண்ணெயும் எங்கிருந்து வந்தன என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

நேர்த்திப் பட்டியலின் உச்சம் என்று சொல்லக்கூடிய கல்லொன்றும் இந்தத் தீவில் உண்டு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் அந்தக் கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ அதைக் கொண்டுவந்தான். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இசுலாமிய மரபினருக்கு ஏற்பவும் காணிக்கைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். கடற்பயணம் நலமே முடியவேண்டும் என்று நினைத்த வேற்று நாட்டவன், இந்தத் தீவில் எத்தனை தெய்வத்துக்குக் கடன்பட வேண்டும் என்பதைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறான். அம்மம்மாவின் கணக்கும் அதுதானே!

ஆனால் காணிக்கை சேரும் இடத்தில்தான் கொள்ளையும் சேரும். போர்த்துக்கேயர் 1560இல் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவர்களாலே கேதீச்சரம் அழிந்தது. அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குள் போயின என்பது ஊர் மரபு. அடுத்த நூற்றாண்டில் துன்பம் கத்தோலிக்கர் பக்கம் திரும்பியது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவர்களது வழிபாட்டைத் தடுத்தார்கள். மாந்தையில் இருந்த மாதா சுருபத்தை 1670 அளவில் இருபது குடும்பங்கள் காட்டுவழியே தூக்கிச் சென்றதாகவும், அது மருதமடுவில் நிலைபெற்றதாகவும் வழிவழிச் செய்தி சொல்கிறது. மாந்தை என்பது மாதோட்டத்தின் மறுபெயர். பாலாவிக் கரையும் மாதா முதலில் இருந்த மண்ணும் அண்டை நிலங்கள். ஒரே மண்ணில் வேரூன்றிய இரண்டு கோயிலும் ஒரே வகைத் துன்பத்தை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவித்தன. அம்மம்மா இரண்டு இடத்திலும் நேர்ந்ததில் ஒரு வரலாற்று நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கி.மு. 480இல் பாரசீகர் அதென்சின் அக்ரோபொலிசைக் கொளுத்தினார்கள். நகரத்தார் திரும்பி வந்து, உடைந்து கிடந்த காணிக்கைச் சிலைகளை அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிவந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் மாதோட்டத்திலும் மண் வாய் திறந்தது. திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டவேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் எழுதினார். 1894இல் காடு வெட்டி அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் கிடைத்தது. 1903இல் சிறு கோயில் எழுந்தது. 1976இல் பெருங் குடமுழுக்கு நடந்தது. 1990இல் மீண்டும் இருள். போர் முடிந்தபின் கருங்கல்லில் எழுந்த திருப்பணிக்கு 2022இல் குடமுழுக்கு. மடுவும் தப்பவில்லை. 1999 நவம்பரில் அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் எறிகணையில் இறந்தார்கள். 2008 ஏப்பிரலில் மாதா சுருபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஆகத்தில் திரும்பியது. தெய்வங்களும் எங்களோடு அகதியாய் அலைந்தன.

கிரேக்கத்தை மன்னாரோடு இணைத்துப் பேசுவது வலிந்த முயற்சி என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்கள் ஒருமுறை அரிப்புக்குப் போய்வரவேண்டும். அங்கே கடலோரத்தில் ஓர் இடிந்த கட்டடம் இருக்கிறது. கடலரிப்புக்குப் பெரும்பகுதியை இழந்துவிட்டது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகை அது. கிரேக்கரின் டோரிக் பாணியில் அமைந்ததால் டோரிக் மாளிகை என்றே பெயர். நோர்த் கிரேக்கத்தின்மேல் தீராத பற்றுக் கொண்டவர். அங்குள்ள வைதீகத் திருச்சபையிற் சேர்ந்தவர். பிற்காலத்தில் கோர்பு தீவில் ஒரு கல்விக்கழகத்தை நிறுவினார். அதென்சின் தூண்களை நினைத்துக்கொண்டு ஒருவர் நம் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் ஒரு கிரேக்கக் கட்டடத்தை எழுப்பினார்.

அந்த மாளிகை மாடத்திலிருந்து அவர் பார்த்திருக்கக்கூடிய காட்சி அதைவிடச் சுவையானது. முத்துக்குளிக்கும் ஆள் சுறாவுக்கு அஞ்சுவான். கடலைக் 'கட்டி', சுறாவின் வாயை மந்திரத்தாற் பூட்டும் கடற்கட்டி கரையில் நின்றால்தான் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். ஆகவே ஆங்கில அரசாங்கமே அந்த மந்திரக்காரருக்கு இடமும் ஊதியமும் கொடுத்தது. 1859இல் இலங்கை பற்றி விரிவான நூல் எழுதிய எமர்சன் டெனன்ற், அந்நாளிற் கடற்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று வியப்போடு குறிக்கிறார். குளிப்பவன் எந்தச் சமயத்தவனானாலும் அவருடைய மந்திரம் அவனுக்குச் செல்லும். அறியாக் கடலின் முன் நிற்பவனுக்குச் சமய எல்லைகள் மிகச் சிறிதாகத் தெரிகின்றன.

கடலுக்கும் நேர்த்திக்கும் உள்ள தொடர்பைக் கிரேக்கரும் நன்கு அறிவார்கள். சாமொத்திராக்கி என்ற தீவின் தெய்வங்கள் கப்பலோடுவோரைக் காப்பவர்கள். புயலிலிருந்து தப்பியவர்கள் அங்கே படம் எழுதிய பலகைகளைக் காணிக்கையாக வைப்பார்கள். தெய்வம் இல்லை என்று சொன்னவர் எனப் பெயர் பெற்ற தியாகொராசு அங்கு போனார். நண்பர் ஒருவர் சுவரைக் காட்டி, இத்தனை பேரைத் தெய்வம் காத்திருக்கிறதே, இன்னுமா ஐயம் என்று கேட்டார். தியாகொராசு, மூழ்கிப் போனவர்கள் எங்கும் படம் எழுதி வைக்கவில்லையே என்றார். உரோம அறிஞர் சிசரோ இந்தச் செய்தியை எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்தக் கேள்வியை நான் பல முறை வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். மாணவர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் சின்னம்மாவின் மகன் 2008இல் காணாமற் போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் திரும்பி வந்தால் வெள்ளியில் ஓர் ஆளுருவம் செய்து வைப்பதாகவும், சிவராத்திரியிற் பாலாவித் தீர்த்தம் எடுப்பதாகவும் சின்னம்மா நேர்ந்திருந்தார். 2009இல் போர் முடிந்தது. அவர் போகாத இடமில்லை, கொடுக்காத விண்ணப்பமில்லை. அவன் வரவில்லை. 2023ஆம் ஆண்டுச் சிவராத்திரிக்கு முதல்நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தட்டாரிடம் போனார். விரல் நீளத்தில் ஒரு வெள்ளி உருவம் வாங்கினார். எனக்கு விளங்கவில்லை.

"சின்னம்மா, அவன் வந்தாற்றானே குடுக்கிறதெண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான் சொன்னனான். பதினைஞ்சு வரியமாச்சு. நான் செத்துப்போனால் அவனுக்கெண்டு ஒரு சாமானும் ஒரு இடத்திலையும் இராது. அதுதான்" என்றார்.

அன்றிரவு பாலாவிக் கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று குடத்தில் நீர் மொண்டோம். முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கானோர். அவரவர் குடம், அவரவர் கணக்கு. கிடைத்ததற்காக ஊற்றுபவர் யார், கிடைக்காமலே ஊற்றுபவர் யார் என்று பார்ப்பவர்க்குத் தெரியாது. இலிங்கத்தின்மேல் விழுந்தபின் எல்லாம் ஒரே நீர்தான்.

தியாகொராசின் கேள்விக்கு என்னிடம் தத்துவ விடை எதுவும் இல்லை. அவர் பார்த்த சுவரில் தப்பியவர்களின் பலகை மட்டும் இருந்தது. எங்கள் கோயிலிலோ, மூழ்கியவர்களுக்காகவும் ஒருவர் வந்து வைக்கிறார். அப்படி வைக்கும்போது அது கடனைத் தீர்ப்பதன்று. கணக்கை மூடாமல் வைத்திருப்பது. இன்ன பெயருடைய ஒருவன் இருந்தான், அவனுக்காக ஒருத்தி கேட்டாள் என்று தெய்வத்தின் முன்னிலையில் எழுதிவைப்பது.

எழுதிவைப்பது என்றேன். உண்மையில் எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான் என் கவலை. அதென்சு நகரத்தார் வெள்ளியை உருக்குமுன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். மாதோட்டத்தில் தாழிகுமரன் தன் பெயரை நிறுத்தினான். எங்கள் உண்டியல்களில் விழும் கண்களுக்கும் கால்களுக்கும் சிறு உருவங்களுக்கும் பெயர் இல்லை. ஒருநாள் அவை உருகிக் கவசமாகும், திருவாசியாகும், நல்ல காரியந்தான். ஆனால் கல் வேண்டாம், ஒரு கொப்பியாவது இருக்கக்கூடாதா? இன்ன ஊரில் இன்னார் இன்ன நேர்த்திக்காக இதைக் கொடுத்தார் என்று, கொடுப்பவர் விரும்பினால், ஒரு வரி எழுதிவைக்கக் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் மனம்வைத்தால், அதைவிட உண்மையான மன்னார் வரலாறு வேறெதுவும் இராது.

இந்தத் தவணை என் மாணவரிடம் கட்டுரைக்குப் பதிலாக வேறொரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் வைத்த நேர்த்தி ஒன்றைக் கேட்டு எழுதிவரவேண்டும். தீர்ந்ததா, நிற்கிறதா என்பதையும் எழுதவேண்டும். முதலில் வந்த கொப்பிகளைப் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல், நிற்கிறது என்றே எழுதியிருக்கிறார்கள்.